மூன்று வார வகுப்பிலிருந்து இணையம் வரை: பேராக் சொல்லும் பாடம்

இணையத்தில் பாதி, வகுப்பறையில் பாதி என்று நடக்கும் கலப்புமுறைக் கல்வி, கோவிட் பெருந்தொற்றோடு வந்த புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். மலேசியாவில் அதன் வேர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பேராக் மாநிலத் தோட்டப்புற இந்தியர்களின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், அது யாருக்குத் தேவைப்பட்டது என்பதும், அதில் எந்தப் பாதியைக் கைவிடக்கூடாது என்பதும் தெளிவாகும்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. அந்தப் பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. பின்னாளிலும் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை சுங்கை சிப்புட்டுக்கோ ஈப்போவுக்கோ பஸ் ஏறி, புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த பிறகே இடைநிலைப்பள்ளிப் படிப்பைத் தொடங்க முடிந்தது. அதையும் தாண்டி வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் எட்டாக் கனியாகவே இருந்தது. 1969 வரை நாட்டில் இருந்தது கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போகும் வீட்டில், முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கிய ஆசிரியரோ குமாஸ்தாவோ வேலையை விட்டுவிட்டுப் பட்டம் படிக்கப் போக முடியுமா? அந்தச் சம்பளத்தை நம்பித்தான் தம்பி தங்கைகள் இருந்தார்கள்.

இத்தகையோருக்கு 1971ஆம் ஆண்டில் ஒரு வாசல் திறந்தது. பினாங்கில் 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வேலை செய்துகொண்டே பட்டம் பெறும் வெளிவளாகப் படிப்பை அறிமுகப்படுத்தியது. அச்சிட்ட பாடங்கள் தபாலில் வரும். மாணவர் இரவில் படிப்பார். அதோடு விட்டுவிடவில்லை. ஆண்டுக்கொரு முறை ஏறத்தாழ மூன்று வாரங்கள் பினாங்கு வளாகத்தில் தங்கி நேரடி வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும். வட்டார மையங்களிலும் சந்திப்புகள் நடந்தன. தொண்ணூறுகளில் காணொளி வழி விரிவுரைகள் வந்து சேர்ந்தபோதும், நேரில் கூடும் வழக்கம் தொடர்ந்தது.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதே 1971இல்தான் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. பிபிசி தொலைக்காட்சியில் விரிவுரைகளை ஒளிபரப்பிய அப்பல்கலைக்கழகமே, கோடையில் ஒரு வாரம் தங்கிப் படிக்கும் பள்ளிகளையும் நடத்தியது. தொலைக்காட்சி பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். சோர்ந்து போனவரைத் தட்டிக் கொடுக்க அதனால் இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அடுத்த கட்டம் இணையம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பதினொன்றின் கூட்டு முயற்சியில் 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2001இல் 753 மாணவர்களுடன் பாடம் தொடங்கியது. சுயபடிப்பு, இணைய வழிக் கலந்துரையாடல், வார இறுதியில் நேர்முக வகுப்பு என்ற மூன்று கால்களில் அது நின்றது. 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்த வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திற்கும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு ஈப்போவில் வட்டார மையம் அமைந்தது. அதன் முதல் துணைவேந்தர் கஜராஜ் தனராஜன், முன்னர் ஹாங்காங்கின் திறந்தநிலைக் கல்விக் கழகத்தையும் காமன்வெல்த் கற்றல் அமைப்பையும் வழிநடத்தியவர். தைப்பிங்கிலோ தெலுக் இந்தானிலோ வேலை பார்ப்பவர் வார இறுதியில் ஈப்போவுக்குப் போய் வந்தே பட்டப்படிப்பைத் தொடரலாம் என்ற நிலை உருவானது.

வேலை செய்வோருக்காகப் பிறந்த இந்த முறையை எல்லா மாணவர்களுக்கும் உரியதாக்கியது 2015ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம். 70 விழுக்காடு வரையிலான பாடத்திட்டங்களைக் கலப்புமுறையில் நடத்துவது அதன் இலக்கு. அந்த இலக்கு நிறைவேறும் முன்பே சோதனை வந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. சில விலக்குகள் தவிர, அவ்வாண்டு இறுதி வரை எல்லா வகுப்புகளும் இணையத்திலேயே நடக்கும் என மே மாதத்தில் உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. கலப்பில் ஒரு பாதி ஒரே நாளில் காணாமல் போனது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் சபா மாநில மாணவி ஒருவர், இணையத் தேர்வு எழுத மரத்தில் ஏறி இரவைக் கழித்த செய்தி நாட்டையே உலுக்கியது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் அதே கவலைதான். இரண்டு அறை வீட்டில் அண்ணனுக்கு விரிவுரை, தங்கைக்குப் பள்ளிப் பாடம், கைப்பேசியோ ஒன்று. அலைவரிசை தேடி வாசலுக்கும் சாலைக்கும் அலைய வேண்டும். கம்பாரிலோ தஞ்சோங் மாலிமிலோ வளாகத்தில் இருந்தபோது இந்த வேற்றுமை வெளியே தெரியவில்லை. நூலகமும் மேசையும் மின்விளக்கும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன. வீட்டுக்குத் திரும்பியதும் வசதி உள்ளவர் படித்தார், இல்லாதவர் பின்தங்கினார்.

இதனால் இணையக் கல்வி வேண்டாம் என்று ஆகிவிடாது. வேலையை விட முடியாத தாய்க்கும் தொழிற்சாலை ஊழியருக்கும் அது இன்றியமையாதது. ஆனால், செலவு மிச்சம் என்று நேர்முக வகுப்புகளைக் குறைக்கும் எண்ணம் எழும்போதெல்லாம் 1971ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். தபாலை நம்பி நடந்த காலத்திலேயே மூன்று வாரச் சந்திப்பை விட்டுக்கொடுக்காதவர்கள் அவர்கள்.

நம் இயக்கங்களுக்கும் இதில் பங்குண்டு. கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ, மாலையில் நல்ல இணைய வசதியுடன் திறந்து வைத்தால், நான்கு மேசைகள் போட்டால், அதுவே அந்த வட்டாரத்தின் படிப்பு மையமாகும். அன்று பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று சட்டம் சொன்னது. இன்று பத்து மாணவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.