கடலாட்டு: புகாரும் மெரினாவும்

விடுமுறை நாளில் குடும்பத்துடன் கடற்கரைக்குச் சென்று பொழுதுபோக்கும் பழக்கம் வெள்ளையர் வழியாக நமக்கு வந்தது என்று கருதுவோர் உளர். மெரினாவை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பட்டினப்பாலையைத் திறந்தால் அக்கருத்து நிற்பதில்லை.

உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் முழுநிலா நாளன்று பரதவர் மீன்வேட்டைக்குச் செல்வதில்லை. வீட்டுப் பெண்களோடு கடற்கரையில் கூடுகின்றனர். சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வணங்குகின்றனர். கூதாளமும் தாழம்பூவும் சூடுகின்றனர், பனங்கள் பருகுகின்றனர். காவிரி கடலோடு கலக்குமிடத்தில் தீமை நீங்கக் கடலாடி, பின் உப்புப் போக ஆற்றில் குளிக்கின்றனர். கடலில் நீராடிவிட்டு நன்னீருக்காகக் குழாயைத் தேடி அலையும் நாம் இந்த வசதியைக் கண்டு பொறாமைப்படலாம். அதன்பின் நண்டுகளைத் துரத்தி, அலைகளில் மிதித்தாடி, மணற்பாவை செய்து பகல் முழுவதும் விளையாடுகின்றனர். கடலும் மணலும் நண்டும் உள்ளவரை பிள்ளைகளின் விளையாட்டு மாறுவதில்லை போலும்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். விடுமுறையைக் கொண்டாடுவோர் கடலில் உழைப்பவர்களே. அன்று கரை அவர்களுக்குத் தொழிற்களம் அன்று, ஆடுகளம்.

சிலப்பதிகாரத்துக்கு வரும்போது கூட்டம் விரிகிறது. இந்திர விழா முடிந்தபின் கடலாட்டைக் காண விரும்புகிறாள் மாதவி. அவள் வண்டியிலும் கோவலன் கோவேறு கழுதையிலுமாகப் புறப்படுகின்றனர். கடலாடு காதையில் இளங்கோவடிகள் அக்கரையை விளக்குகளைக் கொண்டே வரைகிறார். சாந்தும் மலரும் விற்போர், பிட்டு விற்போர், அப்பம் சுடுவோர், கம்மியர், பிறமொழி பேசும் அயல்நாட்டார் என ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு. இடையிடையே மீன் விற்போரின் விளக்குகள். அப்பால் கலங்கரை விளக்கம், பரதவரின் திமில் விளக்குகள். மணலில் வெண்சிறுகடுகைப் போட்டாலும் தெரியும் அளவுக்கு ஒளி! சிற்றுண்டிக் கடையும் மீன் கடையும் படகும் ஒரே காட்சிக்குள் அடங்குகின்றன. மீன் விற்பவரை ஒதுக்கி நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் அடிகளுக்குத் தோன்றவில்லை. புன்னை நிழலில் கானல்வரி பாடி அவ்விருவரும் பிரிந்த கதையை நண்பர்கள் அறிவர்.

இனி மெரினா. 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1880களின் நடுவில் கடலோரத்தில் உலாச்சாலை அமைத்தார். சிசிலித் தீவின் நினைவில் மெரினா என்ற பெயரையும் இட்டார். ஆனால் இவ்வளவு அகன்ற மணற்பரப்பை எவரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் நமது கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களில் எழுப்பத் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் அதனைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது. நாம் சுண்டல் கொறித்தபடி கடந்து செல்லும் மணல், ஒருவகையில் வடசென்னை மீனவர் இழந்த மணல்.

1909இல் மெரினாவில் மீன் காட்சியகம் ஒன்று தோன்றியது; இப்போது இல்லை. குதிரைச் சவாரி, குடை இராட்டினம், பலூன் சுடுதல், தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் எனப் பின்னர் வந்தவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது வேறு. உலாவ வந்தோரின் கண்ணுக்கு அங்கிருந்த குப்பங்கள் உறுத்தலாயின. 1985இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. மீனவர் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூடு நடந்தது. மீனவர் சிலர் உயிரிழந்தனர். நமது வகுப்பறைகளில் நெய்தல் திணையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். இந்நிகழ்வை அறிந்த மாணவரை நாம் மிக அரிதாகவே கண்டிருக்கிறோம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை உலாவுக்கு வந்தோரையும் விளையாட வந்த சிறுவரையும் குப்பத்து மக்களையும் ஆழிப்பேரலை வேறுபாடின்றி வாரிச் சென்றது.

2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தை ஒட்டிய சாலையில் மீன் கடைகள் அகற்றப்பட்டபோது, போக்குவரத்து இடையூறே காரணமாகச் சொல்லப்பட்டது. மீனவப் பெண்கள் மீனைச் சாலையில் கொட்டிப் போராடினர். பின்னர் அங்கேயே புதிய மீன் அங்காடி கட்டப்பட்டது. கூரையும் மின்விளக்கும் உள்ள கட்டடம். மீன் விற்போரின் விளக்கு இடம்பெயராமல் எரிகிறது என்ற அளவில் நமக்கு மகிழ்ச்சியே.

காணும் பொங்கலன்று மெரினாவில் நிற்க இடமிராது. நீரில் இறங்கவொட்டாமல் கரை நெடுகத் தடுப்பு கட்டுகின்றனர். தடுப்பைத் தாண்டி அலையில் சிக்குவோரை மீட்கக் காவலரோடு நிறுத்தப்படுவோர் நீச்சல் தெரிந்த குப்பத்து இளைஞர்கள்.