துரையின் சம்பளம், தொழிலாளியின் நாடி

இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீட்டர். 1885இல் நானுஓயாவோடு நின்றிருந்த தண்டவாளம், 1893இல் அப்புத்தளையைத் தொட்டபோது இந்த மேட்டைத் தாண்டித்தான் போனது. கோச்சி வந்ததும் தேயிலைப் பெட்டிகளுக்கு வழி பிறந்தது. நோயாளிக்குப் பிறந்த வழி வேறு: நாலு ஆளும் ஒரு கம்பளியும். கம்பளியின் இரு தலைப்பையும் ஒரு கம்பில் முடிந்து, நடுவில் ஆளைக் கிடத்தி, மழையில் வழுக்கும் மலைப்பாதையில் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வந்தார்கள். ரோட்டுக்கு வந்தபிறகும் லொறி கிடைத்தால்தான் ஆஸ்பத்திரி.

அந்தக் கம்பளி கிளம்பலாமா, இல்லை ஒரு போத்தல் மருந்தோடு லயத்து வீட்டுக்கே திரும்பலாமா என்று முடிவு சொன்னவர் ஒருவர் இருந்தார். தோட்டத்து டாக்டரய்யா. பட்டம் பெற்ற டாக்டர் அல்ல; ஆரம்பத்தில் டிஸ்பென்சர், பிற்காலத்தில் இ.எம்.ஏ. என்ற தோட்ட மருத்துவ உதவியாளர். கிளாக்கர் வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களைப் போலவே மருந்து கலக்கவும் வந்தார்கள். பாட்டிக்குக் காய்ச்சல் பார்த்தவரே பேத்தியின் பிரசவத்துக்கும் மருத்துவச்சியோடு வந்து நின்றதுண்டு. மலையகத்துக்கு வாய்த்த குடும்ப டாக்டர் அவர்தான்.

அவரைக் கொண்டுவந்தது கருணை அல்ல, சாவு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் பலியானவர்கள் ஏராளம். ஆள் செத்தால் அறுவடை நின்றுபோகும். 1872இல் அரசு மருத்துவத் தேவைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோட்டப் பகுதிகளை மருத்துவ வட்டாரங்களாகப் பிரித்தார்கள். செலவு யார் தலையில் என்ற இழுபறி ஓயவில்லை. 1880இல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள், 1912இல் மறுபடியும். லயத்தைச் சுத்தமாக வைத்திருப்பதும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் துரையின் கடமை என்று எழுத்தில் வந்தது. எழுத்தில் வந்ததெல்லாம் லயத்துக்கு வந்ததா என்பது வேறு கதை.

கொக்கிப்புழு விவகாரத்தைப் பார்த்தால் அந்தக் கதை விளங்கும். 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. வெறுங்காலில் நடப்பவரின் தோலைத் துளைத்து ஏறும் இந்தப் புழு, குடலில் கிடந்து இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளிறி, மூச்சு வாங்கி, மலை ஏற முடியாமல் உட்கார்ந்துவிடுவார். 'சோம்பேறி' என்று துரைமார் திட்டியவர்களில் எத்தனை பேர் இந்தப் புழுவுக்கு இரை கொடுத்தவர்களோ! கீனோபோடியம் எண்ணெயையும் பேதி மருந்தையும் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். ஆனால் கக்கூஸ் கட்டினால்தான் புழு திரும்பி வராது. மருந்து வெளியார் தயவில் கிடைத்தது. கக்கூஸுக்குச் செலவழிக்க வேண்டியவர் முதலாளி. பல தோட்டங்கள் இழுத்தடித்தன. மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் நடந்து அதே புழுவை மறுபடி வாங்கிக்கொண்டார்கள்.

உயரமே சில நோய்களை விலக்கி வைத்ததையும் சொல்ல வேண்டும். 1934-35இல் நாட்டில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்ற மலேரியா இந்தக் குளிருக்கு ஏறவில்லை. பட்டிப்பொல, அம்பேவெல பக்கத்து நோய் நெஞ்சைப் பிடிப்பது: ஜன்னல் இல்லாத காம்பரா, உள்ளேயே விறகடுப்பு, ஈரக் கம்பளி, வருஷம் முழுக்க இருமல்.

டிஸ்பென்சரிக்குப் போகிறவர் வீட்டிலிருந்தே வெறும் போத்தலைக் கழுவி எடுத்துப் போக வேண்டும். பெரிய கண்ணாடிச் சாடியிலிருந்து மருந்தை ஊற்றி, போத்தலின் பக்கத்தில் விளிம்பு வெட்டிய காகிதத் துண்டை ஒட்டிக் கொடுப்பார் டாக்டரய்யா. ஒரு வெட்டு, ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத கையும் அளவு தவறாமல் குடிக்கும். இதைவிடக் கெட்டிக்கார மருந்துச் சீட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் குறைந்தால் துரை கேட்பது கங்காணியை மட்டுமல்ல, அவரையும்தான். 'இன்றைக்கு வேலை செய்ய முடியாது' என்று அவர் எழுதும் ஒவ்வொரு துண்டும் முதலாளிக்கு ஒரு நாள் கொழுந்து நட்டம். துண்டு எழுதத் தயங்கியவர்களும் இருந்தார்கள், துணிந்து எழுதியவர்களும் இருந்தார்கள். 1980களில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு அரசு 500 ரூபா ஊக்கத்தொகை கொடுத்தபோதும் அவர் யார் பக்கம் என்ற கேள்வி எழுந்தது. ஒரு நாள் சம்பளம் கைக்கும் வாய்க்கும் எட்டாத பெண்ணிடம் அந்தத் தொகையைக் காட்டிக் கேட்கும் சம்மதம் என்ன சம்மதம்?

அவருடைய பேனாவுக்கு இன்னொரு பலமும் இருந்தது. தோட்டத்தில் பிறப்பு, இறப்பு நடந்தால் தோட்ட நிர்வாகம் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். பிரசவத்தைப் பார்த்தவர் சொல்லித்தான் அந்த அறிவிப்புப் போனது. 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, 'உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சாட்சி எங்கே?' என்று கேட்டபோது, பலருக்குக் காட்ட ஒரு துண்டும் இல்லை. ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் நாடு. எழுதாமல் விட்டிருந்தால் நாடற்றவர்.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் வேலை தொண்ணூறுகளில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. நாட்டின் மற்ற மக்களுக்கு வைத்தியம் பார்ப்பது அரசின் பொறுப்பு என்றால், கொழுந்து பறிக்கிறவருக்கு மட்டும் அது முதலாளியின் பொறுப்பாக நீடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இனிமேலும் காலம் கடத்தாமல் எல்லாத் தோட்ட ஆஸ்பத்திரிகளையும் அரசு ஏற்க வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பிறப்புத் துண்டோ டிஸ்பென்சரிச் சீட்டோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் பிள்ளைக் காம்பராவின் கதை.

(தொடரும்)