செர்ரிப் பந்தலும் அரை மாரத்தானும்

ஜப்பானின் வடகிழக்கில், யமகாட்டா மாகாணத்தில் இருக்கிறது ஹிகாஷினே. சுற்றிலும் மலைகள். ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் இந்தச் சிறு நகரத்துக்கு நாடெங்கிலுமிருந்து ஓட்டக்காரர்கள் வந்து குவிகிறார்கள். தற்காப்புப் படையின் ஜின்மாச்சி முகாமில் தொடங்குகிறது அரை மாரத்தான், தூரம் 21.0975 கிலோமீட்டர். செர்ரித் தோப்புகளின் நடுவே போகும் அந்தப் பாதையில் தண்ணீர்ப் பந்தல்களோடு செர்ரிப் பந்தலும் உண்டு. பழம் தின்பதற்காகவே வேகத்தைக் குறைத்து நிற்பவர்கள் பலர். நிமிடங்கள் போகட்டும், பழம் கிடைத்தால் போதும் என்பதே இங்கு வருகிறவர்களின் கணக்கு.

இந்த ஓட்டம் தொடங்கியது 2002-இல். ஆனால் அதற்கான அடித்தளம் 127 ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

மெய்ஜி பேரரசர் காலத்து அரசு மேலைநாட்டுப் பழமரங்களை ஜப்பானில் பரப்பிய காலம் அது. 1875-இல் தோக்கியோவிலிருந்து யமகாட்டாவுக்கு ஆப்பிள், திராட்சை, பேரிக்காய்க் கன்றுகள் வந்தன. அவற்றோடு மூன்றே மூன்று செர்ரிக் கன்றுகளும் இருந்தன. மற்ற பல இடங்களில் செர்ரி சரியாக வரவில்லை. யமகாட்டா மண்ணில் அது வேர்பிடித்தது. குறிப்பாக ஹிகாஷினே, மலையிலிருந்து இறங்கும் ஆறு கல்லும் மணலும் கொட்டிப் பரப்பிய சரிவில் அமைந்த ஊர். அங்கே நீர் தேங்குவதில்லை. செர்ரி வேருக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனாலும் விவசாயிகளின் துன்பம் தீரவில்லை. செர்ரி பழுப்பது ஜூனில், ஜப்பானின் மழைக்காலமும் அதே ஜூனில்தான். பழுத்த பழத்தின் மேல் மழைநீர் பட்டால் தோல் வெடித்துவிடும். தப்பிய பழமும் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் அழுகும். அதனால் விளைந்ததில் பெரும்பகுதி டப்பாக்களில் அடைபட்டது.

இந்த நிலையை மாற்ற முனைந்தவர் சாத்தோ எய்சுகே. குடும்பத் தொழிலான சோயா சாஸ் தயாரிப்பைக் கைவிட்டு, ஹிகாஷினேயில் நிலம் திருத்திப் பழத்தோட்டம் போட்டவர் அவர். அவரிடம் இரண்டு வகைகள் இருந்தன. ஒன்று ‘கிடாமா’: தித்திக்கும், ஆனால் நாள் தாங்காது. மற்றொன்று ‘நெப்போலியன்’: நாள் தாங்கும், ஆனால் புளிக்கும். 1912-இல் இரண்டையும் மகரந்தச் சேர்க்கையால் கலந்து, விதை போட்டு முளைக்கவைத்து, கன்றுகளை ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். 1928-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். ‘தேவா நிஷிகி’ என்று வட்டாரத்தின் பழம்பெயரைச் சூட்டலாம் என்றார் எய்சுகே. நாற்றுப்பண்ணை நடத்திய நண்பர் ஒகாதா தோசாகு, உருவாக்கியவரின் பெயர்தான் நிற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அப்படிப் பிறந்ததே ‘சாத்தோ நிஷிகி’. 16 ஆண்டு உழைப்பை ஊர் மறக்காமலிருக்க ஒரு நண்பர் எடுத்த நல்ல முடிவு.

இவ்வளவு நல்ல பழமும் உடனே புகழ்பெறவில்லை. 1970, 80-களில் மரங்களுக்கு மேல் குழாய்ச் சட்டம் கட்டி பிளாஸ்டிக் கூரை போடும் முறை பரவியது. மழையின் தொல்லை குறைந்தது. 1988-இல் யமாத்தோ நிறுவனத்தின் குளிர்சாதனப் பொட்டலச் சேவை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. மரத்தில் பறித்த பழம் மறுநாளே தோக்கியோ வீடுகளுக்குப் போனது. டப்பாவிலிருந்து விடுபட்ட செர்ரி, உறவினருக்கு அனுப்பும் விலையுயர்ந்த பரிசாயிற்று. இன்று ஜப்பானின் செர்ரி விளைச்சலில் சுமார் 70 சதவீதம் யமகாட்டாவுடையது.

1999 டிசம்பரில் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஹிகாஷினே வழியாக ஷின்ஜோ நகரம் வரை நீட்டிக்கப்பட்டது. ஹிகாஷினேயில் கட்டிய புதிய நிலையத்துக்குச் செர்ரியின் ஜப்பானியப் பெயரையே சேர்த்து ‘சாகுரான்போ ஹிகாஷினே’ என்று பெயரிட்டார்கள். தலைநகரத்து ஆட்கள் நேராக வந்திறங்க வழி பிறந்தது. ஓட்டம் தொடங்கியது அதற்கு மூன்றாவது ஆண்டில்.

ஓட்டத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. தேர்ந்த வீரர்களுக்கே உரியதாயிருந்த நெடுந்தூர ஓட்டத்தைச் சாதாரண மக்களுக்குத் திறந்துவிட்டது, 1967-இல் தோக்கியோவின் மேற்குப் பகுதியிலுள்ள ஓமே நகரில் தொடங்கிய 30 கிலோமீட்டர் ஓட்டம். 1964 ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வென்ற துசுபுராயா கோகிச்சியோடு சேர்ந்து ஓடலாம் என்ற அழைப்பே மக்களை அங்கே இழுத்தது. பிறகு ஊர்கள் தங்கள் விளைச்சலை முன்வைத்து ஓட்டக்காரர்களை அழைத்தன. சீபா மாகாணத்தின் தோமிசாத்தோவில் வழியில் கொடுப்பது தர்பூசணிக் கீற்று. ஹிகாஷினேயில் செர்ரி.

ஓடி முடித்தவர்களுக்கு இன்னும் நிறைய இருக்கிறது. பலகைத் தட்டில் பரப்பிய சோபா நூடுல்ஸ், சோயா சாஸில் வெந்து குச்சியில் ஏறும் கொன்யாக்கு உருண்டை. கொன்யாக்கு நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கிழங்கிலிருந்து வருவது. ஓடிக் களைத்த கால்களுக்கு ஊரிலேயே வெந்நீர் ஊற்றுக் குளியலும் உண்டு.

வெளிநாட்டில் ஓடிப் பார்க்க நினைப்பவர்கள் பெருநகர மாரத்தான்களின் குலுக்கலில் பெயர் விழுமா என்று காத்திருப்பதைவிட, இப்படி ஓர் ஊரைத் தேடிப் போகலாம். ஓடிய அன்றே ரயிலேறிவிடாதீர்கள். சாத்தோ நிஷிகி நன்றாகப் பழுப்பது ஜூன் நடுவில். அதுவரை தங்க முடிந்தால், தோப்புக்காரரிடமே நேரில் வாங்கிச் சாப்பிடுங்கள்.