குழலில் உறைந்த சுருதி

பழைய வயலினுக்கு விலை மதிப்பிடுவோரின் அளவுகோலைப் பழைய ஐரோப்பியக் குறுக்குக் குழலுக்கு அப்படியே பொருத்த இயலாது. வயலினின் தந்திகளை முறுக்கியும் தளர்த்தியும் காலந்தோறும் மாறும் சுருதிக்கு அதை இணக்கிக்கொள்ளலாம். குழலிலோ துளைகளின் இடைவெளியும் உடலின் நீளமும் செய்த நாளிலேயே முடிவாகிவிடுவதால், அந்நாளைய சுருதியே அதன் உடலில் உறைந்துவிடுகிறது. ஆகவே ஒரு பழங்குழலின் வயதையும் தரத்தையும் விலையையும் ஆராய்வது, ஐரோப்பியச் சுருதியின் வரலாற்றையும் சேர்த்து ஆராய்வதாகவே அமைகிறது.

வயதைக் காட்டும் முதற்சான்று குழலின் அமைப்பாகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், விரலுக்கு எட்டாத ஒரு துளையைத் திறக்கும் ஒற்றை உலோக மூடியோடு உருவான குழல், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இலண்டனில் நான்கு, ஆறு எனக் கூடுதல் மூடிகளைப் பெற்று, 19ஆம் நூற்றாண்டில் எட்டு மூடிகளோடு பரவலாயிற்று. மியூனிக் நகரத்துக் குழலிசைஞரும் பொற்கொல்லருமான தியோபால்ட் போம், 1832இல் விரலமைப்பைப் புதிதாக வகுத்து, 1847இல் நீள்உருளை வடிவ உட்துளையுடைய குழலைப் படைத்தார். இன்றைய குழல் அதன் வழிவந்ததே. எனினும், போமின் குழல் வந்த பின்னரும் பழைய பாணிக் குழல்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து செய்யப்பட்டமையால், அமைப்பு ஒரு குழல் எந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பதை மட்டுமே உறுதிசெய்யும். எந்த ஆண்டுக்குப் பிற்பட்டதன்று என்பதை அதனால் சொல்ல இயலாது.

அந்தக் குறையை முத்திரைகள் ஓரளவு நிரப்புகின்றன. இலண்டன் பட்டறைகள் பெயரோடு முகவரியையும் மரத்தில் பொறித்தமையாலும், 1821 அளவில் தொடங்கிய ருடால்–ரோஸ் போன்ற நிறுவனங்கள் பங்காளிகளையும் கடைத்தெருவையும் அவ்வப்போது மாற்றியமையாலும், பெயரும் தெருவும் சேர்ந்து ஒரு காலவரம்பைத் தருகின்றன. இங்கிலாந்தில் செய்த வெள்ளிக் குழல்களில் ஹால்மார்க் முத்திரையின் ஆண்டெழுத்து இன்னும் நுட்பமான சான்றாகும். பாரிஸில் 1855இல் தனிப்பட்டறை தொடங்கிய லூயி லோவின் குழல்களுக்கு, வரிசை எண்களைப் பதிந்த விற்பனைப் பேரேடுகளே துணைநிற்கின்றன. ஆனால் முத்திரையும் பொய்யுரைக்கும்: ஹனோவர் நகரத்தில் குழல் செய்த மேயர் (Meyer) என்பவரின் புகழ் பரவியபோது, அப்பெயரைத் தாங்கிய மலிவுக் குழல்கள் ஜெர்மானியப் பட்டறைகளிலிருந்து பெருமளவில் வெளிவந்தன.

தரத்தை அறிய, ஊதுதுளையின் விளிம்பும் உட்துளையின் உருவமும் முதலில் நோக்கத்தக்கவை. மரம் எல்லாத் திசையிலும் ஒரேயளவில் சுருங்காது என்பதால், வட்டமாகக் கடைந்த உட்துளை காலப்போக்கில் நீள்வட்டமாகிறது. சுருதியைச் சற்றே மாற்றத் தலைத்துண்டினுள் செருகிய உலோக உறை சுருங்காமலிருக்க, அதைச் சுற்றிய மரம் மட்டும் சுருங்குவதால், பழைய ஆங்கிலக் குழல்களின் தலைத்துண்டில் நெடுவெடிப்பு மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. நன்கு சீர்செய்த வெடிப்பு வாசிப்பைக் கெடுப்பதில்லை. விரித்து அறுக்கப்பட்ட ஊதுதுளையோ, செய்தவரின் ஒலியையே அழித்துவிடுகிறது.

இவையெல்லாம் குறைவற்றிருந்தாலும், வாசிப்போர் சந்தையில் விலையை முடிவுசெய்வது சுருதியே. பிரான்ஸ் 1859இல் ‘ஏ’ சுரத்துக்கு நொடிக்கு 435 அதிர்வுகளெனச் சட்டமாக வகுத்தது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது 452 அளவில் நின்றது. 1939இல் இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440ஐ ஏற்றது. இன்றைய அளவினும் ஏறத்தாழ அரைச்சுரத்தில் பாதி உயர்ந்த ஆங்கிலக் குழலைத் தலைத்துண்டை வெளியே இழுத்துத் தாழ்த்தினால், துளைகளின் இடைவெளி மாறாமையால் சுரங்கள் ஒன்றோடொன்று இணங்காமற்போகும். அதனால் வேலைப்பாட்டில் உயர்ந்த அக்குழல்கள் பலவும் குறைந்த விலைக்கே கைமாறுகின்றன.

இதற்கு மாறாக, உரிமையாளரின் புகழ் விலையை உயர்த்துவதும் உண்டு. நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக 1939இல் பாஸ்டனின் வெர்ன் பவல் செய்து, பிலடெல்பியா இசைக்குழுவின் வில்லியம் கின்கெய்டு வாசித்த பிளாட்டினக் குழல், 1986இல் 1,87,000 டாலருக்கு ஏலம் போயிற்று. தந்தம் சேர்ந்த பழங்குழல்களுக்கு வயதுச் சான்று சட்டத்திலும் பொருள் பெறுகிறது: 2022இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் தந்தச் சட்டம், 1975க்கு முன் செய்யப்பட்டு, 20 விழுக்காட்டுக்கும் குறைவாகத் தந்தம் சேர்ந்த இசைக்கருவிகளையே பதிவுசெய்து விற்க இசைகிறது.

நீளமான குழலை வெட்டிச் சுருதியை உயர்த்தலாம். குட்டையான குழலை நீட்ட இயலாது. எனவே இசைஞர்கள் விரும்பித் தேடிய 435 அதிர்வுப் பிரெஞ்சுக் குழல்கள் பல, இன்றைய அரங்குக்கேற்ப வெட்டப்பட்டுத் தம் முதல் உருவை இழந்தன. யாரும் விரும்பாத உயர்சுருதிக் குழல்களோ பெரும்பாலும் கைபடாமல் தப்பின. சந்தை தாழ்த்திய அந்தக் குழல்களே, அவற்றைச் செய்த காலத்தின் ஒலியை ஆராய்வோருக்கு நம்பத்தக்க சான்றுகளாக எஞ்சியுள்ளன.