சுண்ணாம்பும் பவளமும்: வீட்டுக் கடலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

கம்பம் பள்ளத்தாக்கில் கடல் கிடையாது. தேனிச் சந்தைக்குக் கடல் உப்பாகவும் கருவாடாகவும்தான் வந்து சேர்ந்தது. கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புநீரில் பவளமும் மீனும் வளர்க்கிற பழக்கத்தைப் பற்றிப் பேச இந்த ஊர்ப்பக்கமே தோதானது. கடற்கரையில் இருப்பவர் கண்ணில் படாத ஒன்று இங்கே பளிச்சென்று தெரியும்: கடல் சும்மா செய்துகொண்டிருந்த ஒவ்வொரு வேலைக்கும் இங்கே ஒரு மெஷின் வாங்க வேண்டும்.

என்னென்ன வேலை? முதலில் தண்ணீர். போர் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ.வில் வடிகட்ட வேண்டும். அதில் தூத்துக்குடி உப்பைக் கரைத்தால் கடலாகிவிடுமா என்றால், ஆகாது. உப்பளத்தில் உப்பு பூத்தபின் எஞ்சுகிற கசப்பு நீரில்தான் மக்னீசியம் போன்றவை தங்கிவிடுகின்றன. எனவே அவற்றையெல்லாம் சேர்த்துக் கலந்து விற்கிற பாக்கெட் உப்பு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அலைக்கு மோட்டார். வெயிலுக்கு விளக்கு. சூடு 25, 26 டிகிரியைத் தாண்டாமலிருக்க சில்லர். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். கரையில் நுரை ஒதுங்குவதைப் போல, நுண்குமிழிகளில் அழுக்கை ஒட்டவைத்து வெளியே தள்ள 'ஸ்கிம்மர்' என்கிற குழாய். இத்தனைக்கும் கரண்ட். தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாதிருந்த 2012-ஐ நினைத்துப் பாருங்கள். மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் நீரில் பிராணவாயு தீர்ந்து மீன் செத்து மிதக்கும்.

இதைக் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் 'பராமரிப்பு' என்று நாம் அப்பாவித்தனமாகப் பயன்படுத்துகிற சொல்லுக்குள் என்ன வகையான அதிகாரம் குடியிருக்கிறது என்பதைக் காட்ட இந்தத் தொட்டியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு டிகிரி சூட்டுக்குப் பதறுகிற கவனம், கண்ணாடிக்கு வெளியே எதைக் கவனிக்காமலிருக்க நம்மைப் பழக்குகிறது? கேள்வி இதுதான்.

2

பெட்டியின் வரலாறு கடலில் தொடங்கவில்லை, செடியில் தொடங்குகிறது. நத்தேனியல் வார்டு என்கிற லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிக்குள் செடி தன் ஈரத்தையே திரும்பத் திரும்பக் குடித்துப் பிழைத்துக்கொள்வதை 1829 வாக்கில் கண்டார். காலனியத்துக்கு இது பெரிய வரப்பிரசாதம். கடல் காற்றில் கருகாமல் மாதக்கணக்கில் கப்பலில் செடிகளைக் கொண்டுபோக முடிந்தது. சீனத் தேயிலையை ராபர்ட் பார்ச்சூன் 1848-க்குப் பின் இமயமலைச் சரிவுகளுக்குக் கொண்டுவந்தது இந்தப் பெட்டிகளில்தான். மேகமலைத் தேயிலைக்கு நேர் வம்சாவளி சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மலையை வெட்டி வேறொரு நாட்டுச் செடியை அதில் குடியேற்றலாம் என்கிற தைரியத்தை இந்தப் பெட்டியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

அதே பெட்டியில் உப்புநீரை ஊற்றியபோது அக்வேரியம் பிறந்தது. 1853-இல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று ஒரு கண்ணாடி வீடு. மறு ஆண்டே பிலிப் காஸ் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. விளைவு என்ன? அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் எழுதிய 'தந்தையும் மகனும்' நூலில் இது பதிவாகியிருக்கிறது: அப்பாவின் புத்தகங்களைப் படித்துவிட்டுக் கிளம்பிய கூட்டம், இங்கிலாந்தின் கரையோரப் பாறைக்குட்டைகளைச் சுரண்டிக் காலியாக்கிவிட்டது. பார்க்க ஆசைப்பட்டதாலேயே பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

3

இந்தக் கண்ணாடி நமக்கு வந்த வழி இன்னும் சுவாரசியமானது. சென்னைக் கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது 1909-இல். அதற்கு முன்கை எடுத்தவர் எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றியும் அங்குள்ள கடலுயிர்கள் பற்றியும் 1890-லேயே எழுதியவர். அதே 1909-இல்தான், ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் கருவி வைத்து அளந்தவர் அவர். கள்ளர், காப்பிலியர், பளியர், முதுவர் என்று நம் பள்ளத்தாக்கையும் அதைச் சுற்றிய மலைகளையும் சேர்ந்தவர்களும் அதில் தலைப்புத் தலைப்பாக அடைபட்டிருக்கிறார்கள்.

மீனையும் மனிதரையும் ஒப்பிடுவது என் நோக்கமல்ல. பார்வை ஒன்றுதான் என்பதே கவனிக்கத்தக்கது. பின்புலத்திலிருந்து பிய்த்தெடுத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, பார்ப்பவன் மட்டும் பத்திரமாக இருக்கிற இடத்தில் நிறுத்துவது. பட்டியலுக்குள் அடைக்கப்படுவதன் பொருள் என்ன என்பதைக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பதிய மறுத்த பெருங்காமநல்லூர் 1920-இல் துப்பாக்கிச் சூட்டில் தெரிந்துகொண்டது. தொட்டி என்பது வெறும் பாத்திரமல்ல, ஒரு பார்க்கும் முறை.

4

வெகுகாலம் வரை தொட்டியில் மீன் பிழைத்தது, பவளம் பிழைக்கவில்லை. அதை மாற்றியவர்களில் முன்னோடி ஓர் ஆசியர். ஜகார்த்தாவின் லீ சின் எங், 1961-இல் தன் முறையை எழுதினார்: சூரிய ஒளி, கொஞ்சம் காற்றுக் குமிழி, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை. அவ்வளவுதான். பாறையின் துளைகளில் குடியிருக்கிற பாக்டீரியாக்கள் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். பிராணவாயு எட்டாத உள்துளைகளில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டையும் வாயுவாக்கி விட்டுவிடும். புதுத் தொட்டியில் இந்தச் சுற்று நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மீனை விட்டால் சாகும். ஆக, தொட்டியின் நிஜமான எஜமான் கண்ணுக்குத் தெரியாத இந்த உழைப்பாளிதான்.

பிறகு ஜெர்மானியர்கள் இதோடு பலத்த விளக்கையும் ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். கூடவே 'கால்க்வாசர்' என்ற ஒன்று. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், சுண்ணாம்புத் தெளிநீர்தான். பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட் என்பதால் அது வளர வளர நீரில் சுண்ணாம்புச் சத்து குறையும். அதை ஈடுகட்ட இரவில் சொட்டுச் சொட்டாகத் தெளிநீர் விடுவார்கள். சின்னமனூர்க் கொடிக்கால் வெற்றிலைக்கு நம் கிழவிகள் தடவுகிற அதே சுண்ணாம்பு.

இங்கேதான் வரலாறு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. இதே பவளத்தைத்தான் மண்டபம் முதல் தூத்துக்குடி வரை பல பத்தாண்டுகளாகக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். வீடு கட்டினோம், தொழிற்சாலைகளுக்கு அனுப்பினோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன; பாறையை வெட்டியது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியதும் மனிதன்தான், சுண்ணாம்பைச் சொட்டுவிட்டுப் பவளம் வளர்ப்பதும் மனிதன்தான். முன்னதைச் செய்தவன் கூலிக்காரன். அவன் பெயர் குற்றவாளி. பின்னவர் பெயர் ஆர்வலர்.

5

1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-இல் கெட்டிப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. இவை தேவையில்லை என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் பூங்கா என்பதும் ஒரு கண்ணாடிதான். தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த ராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறிகள் ஆனார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசியைக் கையால் பறிப்பவர்கள் இவர்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவது என்று தமக்குத்தாமே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். இவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் 'சீகாலஜி' விருது கிடைத்தது. உலகம் பாராட்டியது சரி, தீவுக்குப் போகிற உரிமை?

இப்போது இரண்டு அறிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொட்டிக்காரரின் அறிவு டிகிரியில், கிராமில், வோல்டேஜில் பேசும். பாசிக்காரியின் அறிவு நீரோட்டத்தில், பருவத்தில், மூச்சில் பேசும். முன்னதற்கு அறிவியல் என்று பெயர். பின்னதற்குப் பெயரே கிடையாது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி மன்னார்ப் பவளங்கள் வெளுத்தன. தன்னுள் குடியிருந்து சோறு போடுகிற பாசியைப் பவளம் சூடு தாங்காமல் வெளியேற்றுவதே வெளுப்பு. தொட்டிக்குச் சில்லர் உண்டு, மன்னார் வளைகுடாவுக்குச் சில்லர் கிடையாது.

தொட்டி வைப்பவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அவர்கள் மாதா மாதம் கரண்ட் பில்லாகக் கட்டித் தெரிந்துகொள்கிறார்கள். நமக்கு அதுவும் தெரியாது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற பெரியாற்றை 1895 முதல் சுரங்கம் வழியே கிழக்கே திருப்பி நெல் விளைவிக்கிற பள்ளத்தாக்கு இது. இயற்கையை இயற்கையாகவே விட்டுவிடுவோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு வாயில்லை. கேட்க வேண்டியது வேறு. பராமரிப்பை யார் செய்கிறார்கள், அது யார் பெயரில் எழுதப்படுகிறது, அதற்காக யார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்பதுதான். வீட்டுக் கடலுக்கு நாம் கொடுக்கிற கவனத்தில் கால்வாசியைப் பாசிக்காரிகளின் கடலுக்குக் கொடுக்கிற நாளில் இந்தக் கண்ணாடி கொஞ்சமாவது மெலியும்.