யாருக்கு வேண்டும் அம்மோனியா பரிசோதனை?

கல்லீரல் சுருக்க நோயாளி ஒருவர் மனம் குழம்பிய நிலையில் வந்தால், இரத்த அம்மோனியா பார்க்க உடனே சீட்டு எழுதப்படுகிறது. பிறந்த மூன்றாம் நாளில் பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு அந்தச் சீட்டை எழுதப் பல நேரம் யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த வழக்கம் தலைகீழாக வேண்டும்.

புரதம் சிதையும்போதும், குடலில் பாக்டீரியாக்கள் செயல்படும்போதும் அம்மோனியா உண்டாகிறது. அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீருக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தைத் திசைதிருப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பாவ்லோவும் நென்ஸ்கியும் அவர்களுடைய சகாக்களும் 1893-இல் ரஷ்யாவில் நாய்களிடம் கண்டார்கள்: இறைச்சி தின்ற நாய்கள் தள்ளாடின, வலிப்பு கண்டன, நினைவிழந்தன. யூரியா உருவாகும் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்செலைட்டும் 1932-இல் விளக்கினார்கள்.

வேதியியல் தெளிவானது, அளப்பதுதான் வம்பு. கையில் பட்டையை இறுகக் கட்டி, விரல்களை மடக்கிப் பிடிக்கச் சொல்லி இரத்தம் எடுத்தால் தசையிலிருந்து வரும் அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும். சிவப்பணுக்களில் பிளாஸ்மாவைவிட அம்மோனியா அதிகம் என்பதால், அணுக்கள் உடைந்தாலே அளவு ஏறும். குழாயில் சும்மா நிற்கும் இரத்தத்திலும் அம்மோனியா பெருகிக்கொண்டே போகும். ஆகவேதான் மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்பி, தாமதமின்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்கச் சொல்கிறார்கள். அலகிலும் ஒரு பொறி உண்டு. லிட்டருக்கு 1 மைக்ரோமோல் என்பது டெசிலிட்டருக்கு 1.7 மைக்ரோகிராம். மைக்ரோகிராமில் வந்த 100-ஐ மைக்ரோமோல் என்று படித்துப் பதறுபவர் உண்மையில் 59-ஐத்தான் பார்க்கிறார்.

இந்தப் பிழைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையில் போகின்றன: அளவை உயர்த்துகின்றன. இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது. உயர்ந்த எண்ணை ஒருமுறை சரியாக எடுத்துச் சரிபார்க்க வேண்டும். அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. இயல்பான எண்ணைப் பெரும்பாலும் நம்பலாம்.

ஐரோப்பிய, அமெரிக்கக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இங்கேதான் வந்து நிற்கிறது. நாள்பட்ட கல்லீரல் நோயாளியிடம் உயர்ந்த அம்மோனியா மட்டும் மனக்குழப்பத்துக்குக் கல்லீரலே காரணம் என்று உறுதிசெய்யவோ அதன் தீவிரத்தைச் சொல்லவோ உதவாது. இயல்பாக இருந்தால் குழப்பத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும். திடீர்க் கல்லீரல் செயலிழப்பு வேறு கதை. அதில் தமனி இரத்தத்தின் அம்மோனியா மிக உயர்ந்தவர்களுக்கு மூளை வீக்கமும் மரணமும் அதிகம் என்பதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் காட்டியது.

கல்லீரல் பரிசோதனைகள் இயல்பாக இருந்தும் அம்மோனியா ஏறும் இடங்களில்தான் இந்தப் பரிசோதனையின் உண்மையான மதிப்பு இருக்கிறது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் உண்பவர் திடீரென மந்தமானால் மருந்தையே சந்தேகிக்கலாம். யூரியேஸ் நொதி கொண்ட புரோட்டியஸ் போன்ற கிருமிகள் சிறுநீர்ப்பாதையில் தங்கினாலும் அளவு கூடும்.

எல்லாவற்றிலும் அவசரமானது பச்சிளங்குழந்தை. யூரியா சுழற்சியின் ஒரு நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தை, பிறந்த ஓரிரு நாள் நன்றாகவே இருக்கும். பிறகு வாந்தி, மந்தம், வேகமூச்சு. எல்லாரும் முதலில் கிருமித்தொற்று என்றே நினைப்பார்கள். தவறில்லை, அதுவே அதிகம் காணப்படுவது. ஆனால் அம்மோனியா மூச்சு மையத்தைத் தூண்டுவதால் இரத்தத்தில் காரத்தன்மை கூடும். தொற்றில் பொதுவாகக் காண்பது இதற்கு நேர்மாறு. இந்தத் தடயம் கையிலிருந்தும் கவனிக்கப்படாமல் போகிறது.

இந்த நொதிக் குறைகளில் அதிகம் காணப்படுவது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அதற்கும் உறவுத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டியவை. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் இன்னும் இருக்கும் தமிழ்நாட்டில் குடும்ப வரலாறு கேட்பது இதனால் சடங்கல்ல. முன்பே ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால் சந்தேகம் பலப்பட வேண்டும்.

நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அம்மோனியா லிட்டருக்கு 150 மைக்ரோமோலைத் தாண்டினால் புரதத்தை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, சோடியம் பென்சோயேட் போன்ற மருந்தைத் தொடங்க வேண்டும். அளவு கட்டுக்குள் வராமல் ஏறினால் டயாலிசிஸ். நேரம் போகப் போக மூளைச் சேதம் கூடும். தொற்றுக்காக இரத்தம் எடுக்கும் அதே வேளையில் அம்மோனியாவுக்கும் ஒரு குழாய் எடுப்பதை மகப்பேறு மருத்துவமனைகள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.