மின்சாரம் பாய்ந்த கை: தமிழ்க் காமிக்ஸின் அறிவியல் புனைவும் நாகல் நகர் வாசிப்பும்

தமிழில் அறிவியல் புனைகதையின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் சுஜாதாவிலிருந்தே தொடங்குகிறார்கள். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வும் அதன் இயந்திர நாய் ஜீனோவும் அந்தப் பேச்சின் நடுவில் வந்து அமர்ந்துவிடுகின்றன. அதற்கும் முன்பே, 1972 ஜனவரியில், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்துவிட்டது. சௌந்தரபாண்டியன் பதிப்பாளர், முல்லை தங்கராசன் ஆசிரியர். கல்லூரி வாசலை மிதிக்காத ஆயிரக்கணக்கானோர் அறிவியல் கற்பனையை முதலில் தொட்டது அந்தத் தாளில்தான். பழைய காமிக்ஸ் மீதான ஏக்கத்தை வெறும் பால்யத்தின் மீதான ஏக்கமாக ஒதுக்குவது அந்த வாசகர்களின் அறிவு அனுபவத்தையும் சேர்த்தே ஒதுக்குவதாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் காலக் கணக்கைப் பார்க்க வேண்டும். மாயாவியின் கதை லண்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கியது. எழுதியவர் கென் பல்மர், பின்னர் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. தமிழுக்கு வர அதற்குப் பத்தாண்டு பிடித்தது. இரும்பு மனிதன் ஆர்ச்சி இன்னும் பழையவன். அவன் 1952 பிப்ரவரியில் லண்டன் ‘லயன்’ இதழின் முதல் எண்ணிலேயே பிறந்தவன்; எண்பதுகளில் சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்தபோது அவனுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகல் அறுபதுகளில் எழுதிய ஸ்பைடர் கதைகளும் இப்படியே காலம் கடந்து வந்தவை. அங்கே பழசாகிப்போன எதிர்காலம் இங்கே புத்தம் புதிதாக வந்து இறங்கியது. மேற்கில் பழைய அறிவியல் காமிக்ஸைக் கொண்டாடுபவர்கள் நிறைவேறாத எதிர்காலத்தை நினைத்து ஏங்குகிறார்கள். அந்த விளக்கம் தமிழ் வாசகருக்குப் பொருந்தாது. இவர் அதில் வருங்காலத்தைத் தேடவில்லை. தன் கண்முன் இருந்த ஒன்றைக் கண்டுகொண்டார்.

அது மின்சாரம்.

மாயாவி கதையின் நாயகன் லூயிஸ் கிராண்டேல் விஞ்ஞானி அல்ல. பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வகத்தில் உதவியாளன். வேலையிடத்து விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பூட்டிக்கொண்டவன். மற்றொரு விபத்தில் உடலில் மின்சாரம் பாய, அவன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான். பிளாஸ்கோவின் கட்டங்களை நிதானமாகப் பார்த்தால் அந்தக் கற்பனையின் கட்டுப்பாடு புரியும். விரல் மின் இணைப்பைத் தொடுகிறது, பொறி பறக்கிறது, ஆள் மறைகிறான். அடர்ந்த கறுப்பு மையின் நடுவே எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நகர்கிறது. எதிரிக்குத் தெரிவது அந்தக் கைதான்; அவனைக் காட்டிக்கொடுப்பதும் அதுவே. ஏறிய மின்சாரம் தீர்ந்தால் உடல் திரும்பிவிடும். இயற்பியல் இதை ஏற்காது என்பது உண்மைதான். ஆனாலும் இங்கே மந்திரம் இல்லை. விதி இருக்கிறது, விலை இருக்கிறது, நேர வரம்பு இருக்கிறது. 1897-இல் எச்.ஜி. வெல்ஸ் படைத்த மறைந்த மனிதனால் நினைத்தபோது உருவத்துக்குத் திரும்ப முடியவில்லை. மாயாவியின் ஆற்றலோ பிளக் பாயிண்ட் கிடைக்கும் இடத்தைப் பொறுத்தது.

இதை நாகல் நகரில் வைத்துப் படித்துப் பார்க்கலாம். திண்டுக்கல் ரயில் நிலையத்தை ஒட்டிய இப்பகுதி சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் வாழும் இடம். ஊரைச் சுற்றிப் பூட்டுப் பட்டறைகளும் தோல் தொழிற்சாலைகளும். கையே முதலாக வாழும் ஊர். கிணற்றுக்குப் பம்புசெட்டும் பட்டறைக்கு மோட்டாரும் வந்துகொண்டிருந்த எழுபதுகளில், கூடவே மின்வெட்டும் இருந்தது. கரண்ட் இருந்தால் வேலை, போனால் இல்லை. தொழிலில் கையை இழந்த ஒரு சாதாரண உதவியாளன், கரண்ட் இருக்கும்வரை வல்லமை பெறுகிறான் என்ற கதை இத்தகைய ஊரில் லண்டன் கதையாக நிற்காது. அந்த வாசகர்கள் இப்படிச் சொல்லிப் படித்தார்கள் என்று நான் வாதிடவில்லை. கதைக்கும் வாழ்க்கைக்கும் இருந்த இந்தப் பொருத்தம்தான் அரை நூற்றாண்டு கழிந்தும் ஸ்விட்ச் போர்டைத் தொட்ட அந்தக் கட்டத்தை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது என்கிறேன்.

வடிவமும் இங்கே மாறியது. லண்டனில் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக வந்த தொடர், சிவகாசியில் ஒரே மூச்சில் படித்து முடிக்கும் முழுப் புத்தகமாயிற்று. வாரக் கடைசிக்காக அமைத்த திகில் முடிச்சுகள் சில பக்கங்களுக்கு ஒருமுறை அடுத்தடுத்து வந்து விழுந்தன. ஆங்கில வாசகர் அறியாத வேகம் இது. ஆகவே தமிழ்ப் பதிப்பை மூலத்தின் நகலாக மட்டும் எண்ணுவது தவறு. அது தனியே ஆராயத் தக்க ஒரு நூல்.

ஆராய நூல் கையில் இருக்க வேண்டுமே! பிரிட்டனில் ரெபெல்லியன் நிறுவனம் 2018-இல் அந்தப் பழைய இதழ்களின் உரிமையை வாங்கி மாயாவியை மறுபதிப்புச் செய்தது. இங்கும் லயன்-முத்து குழுமம் மறுபதிப்புகள் கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பணி பாராட்டுக்குரியது. ஆனால் மறுபதிப்பில் கதை மட்டுமே மீள்கிறது. முதல் பதிப்பின் விளம்பரம், விலை, வாசகர் கடிதம், வாடகை நூலக முத்திரை, உள்ளட்டையில் பென்சிலால் எழுதிய பெயர் எதுவும் அதில் வராது. ஒரு பிரதி எத்தனை கைகளுக்கு மாறியது என்பதற்கு அவைதாம் சான்று. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போனது இந்தச் சான்றுதான். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்குப் பிரதிகள் சேர வேண்டும் என்றாலும், புழங்கித் தேய்ந்த பிரதி சொல்வதை அலமாரிப் பிரதி சொல்லாது.

கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஒருவராகச் சேர்த்த அச்சுப் பொருள்களிலிருந்து 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. நாகல் நகரிலும் திண்டுக்கல் சுற்றுப்புற ஊர்களிலும் பரணில் பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் வைத்திருப்போர் அவற்றை எடைக்குப் போடாமல், எங்கே வாங்கியது, யாரிடம் மாற்றிக்கொண்டது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து, இத்தகைய நூலகம் ஒன்றுக்குக் கொடுங்கள். உள்ளட்டையில் இருக்கும் பென்சில் பெயரை அழிக்க வேண்டாம்.